வீட்டில் சொல்ல வேண்டிய சேதி

நைனா ஓட்டிய கார் எங்களுடையது அல்ல. தேரடி வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவருக்குச் சொந்தமான கறுப்பு அம்பாசடர் அது. ஆனாலும் அதைத் துடைக்கிறவர், தண்ணீர் ஊற்றுகிறவர், அதன் சத்தத்தில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் முகம் வாடிப்போகிறவர் எல்லாம் நைனாதான் என்பதால், தெருப் பிள்ளைகளிடம் அதை எங்கள் கார் என்றே சொல்லி வைத்திருந்தேன். யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் அதில் ஏற முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எழுபதுகளின் கடைசி அது. திருவண்ணாமலையில் வாடகைக்கு ஓடிய கார்கள் கொஞ்சம்தான். ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களை மெட்ராஸ் போய் அழைத்து வருவது, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம், சாத்தனூர் அணைக்கு உல்லாசப் பயணம் என்று நைனாவுக்கு எப்போதும் ஏதாவது ஒரு சவாரி இருக்கும். மற்ற டிரைவர்கள் அவரை மாட்டு வண்டிக்காரர் என்று கேலி செய்வார்கள். அவ்வளவு மெதுவாக ஓட்டுவார். ஆட்டுக்குட்டி ரோட்டோரம் நின்றால்கூட அது எந்தப் பக்கம் போகப் போகிறது என்று தீர்மானிக்கும் வரை காத்திருக்கிறவர்.

அந்த மாதம் அம்மா பிரசவத்துக்காகப் போளூரில் தாய்வீட்டில் இருந்தாள். நான் நான்காம் வகுப்பு. காலையில் பக்கத்து வீட்டு அக்கா தலை பின்னி விடுவாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில், சவாரிக்காரர்கள் ஆட்சேபிக்காவிட்டால், நைனா என்னையும் காரில் கூட்டிக்கொண்டு போவார். அன்று ஒரு வயதான தம்பதியைச் செங்கத்தில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். திரும்பும்போது முன் சீட்டு எனக்கு. கால் கீழே எட்டாது. ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, எதிரே வருகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். வயலுக்கு நடுவிலிருந்து வந்த மண்பாதை ஒன்று ரோட்டில் சேரும் இடத்தில், பின்னால் மூட்டை கட்டிய சைக்கிள் ஒன்று வேகமாக மேலே ஏறியது. நைனா ஹாரன் அடித்தார். பிரேக்கை மிதித்தார். நான் முன்னால் போய் மோதிக்கொண்டேன். என் தலை இடித்த சத்தத்துக்கும் வெளியே கேட்ட சத்தத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கார் நின்ற பிறகு சைக்கிள் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியோடு ஓடி வந்தார். கீழே கிடந்தவரைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கெளம்புப்பா. ஊர்க்காரங்க வந்தா உன்ன உட மாட்டாங்க. நான் ஒண்ணும் பாக்கல."

"ஒரு கை புடிங்கண்ணா" என்றார் நைனா.

இருவருமாகத் தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்தார்கள். நைனா என்னைப் பின்னால் போகச் சொன்னார். அடிபட்டவருடைய தலை ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார். சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. காதிலிருந்து ரத்தம் வந்தது. ஆனால் அவர் பேசினார். அதனால் எனக்குப் பயம் இல்லை.

"பாப்பா, சைக்கிள் அங்கயே கெடக்குது" என்றார். "எரவல் சைக்கிளு."

நான் நைனாவிடம் சொன்னேன். பத்திரமாக இருக்கும், கவலைப்படாதீர்கள் என்று நைனா திரும்பாமலே சொன்னார். அவர் ஓட்டிய ஓட்டத்தை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கொஞ்சம் கழித்து அந்த மனிதர் தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் சொன்னார். "வீட்ல சொல்லிடுங்க. தேடுவா" என்றார். சொல்லிவிடுகிறேன் அண்ணா, நானே போய்ச் சொல்கிறேன் என்றார் நைனா. அதற்குப் பிறகு அந்த மனிதர் பேசவில்லை.

பெரியாஸ்பத்திரியில் என்னை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். போன கொஞ்ச நேரத்திலேயே அவர் இறந்துவிட்டார். எனக்கு அது சாயங்காலம்தான் தெரியும். நைனா வெளியே வந்து குழாயடியில் கையையும் முகத்தையும் கழுவினார். கழுவிய கையை மறுபடி கழுவினார். என் கையையும் பிடித்துக் கழுவிவிட்டார். அவரைப் பற்றிக் கேட்டேன்.

"தூங்கறாரு. வா" என்றார்.

அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷன். நடந்ததை நைனா அவராகவே போய்ச் சொன்னார். காரை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரோட்டில் கிடந்த சைக்கிளையும் ஆள் அனுப்பி எடுத்துவந்தார்கள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, எங்கள் காரை வேறு ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேதி தெரிந்து கார் முதலாளி வேர்த்து விறுவிறுத்து வந்தார். அவர் கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு எனக்குப் பாவாடைத்துணி கொடுப்பவர். நைனாவை வராந்தா மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"ஏன்யா நிறுத்துன? யாரு பாத்தா?"

"உயிரு இருந்துச்சு முதலாளி."

"சரி, நிறுத்திட்ட. அவன் குடிச்சிருந்தான்னாவது சொல்லேன்."

"குடிக்கலீங்களே" என்றார் நைனா.

முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டார். இருந்தாலும் நைனாவுக்காக உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டு, மறுநாள் காலையில் அவரைக் கொண்டுவந்து நிறுத்துவதாகப் பொறுப்பேற்றுக்கொண்டார். செய்ய வேண்டியது எல்லாம் முடிந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் நைனா போகாமல் ஏட்டையாவிடம் நின்றார். வீட்டுக்கு யார் சொல்வார்கள் என்று கேட்டார். தலையாரி மூலமாக எப்படியும் சேதி போய்விடும், ஒரு ராத்திரி முன்னே பின்னே ஆகலாம் என்றார் ஏட்டையா.

"நான் சொல்றேன்னு அவருகிட்ட சொல்லிட்டேன் சார்."

"போனீன்னா முழுசா திரும்ப மாட்டய்யா."

நைனா போனார். என்னைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஏன் விடவில்லை என்று பின்னாளில் அம்மா எத்தனையோ முறை கேட்டாள். செங்கம் பஸ்ஸில் ஏறினோம். அந்த வயல் பக்கம் வந்தபோது நைனா கண்ணை மூடிக்கொண்டார்.

ரோட்டிலிருந்து உள்ளே நடக்க வேண்டிய ஊர். விசாரித்து விசாரித்துப் போனோம். வெயில் தாழ்ந்திருந்தது. வீட்டு வாசலில் ஒரு பெண் விதைக்காக மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். என் அம்மாவைவிடச் சின்னவளாகத் தெரிந்தாள். மல்லாட்டை விலை கேட்டு வந்தவர்கள் என்று நினைத்துவிட்டாள். வீட்டுக்காரர் டவுனுக்குப் போயிருக்கிறார், வருகிற நேரம்தான், உட்காருங்கள் என்றாள். என் கையில் ஒரு பிடி வேர்க்கடலைப் பருப்பை வைத்தாள். நான் தின்ன ஆரம்பித்தேன்.

நைனா உட்காரவில்லை. தொண்டையைச் செருமினார். சட்டை முனையைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கத் தெரியாத பிள்ளைகள் நிற்பதைப் போல நின்றார்.

"உங்க வீட்டுக்காரரு சைக்கிள்ல வரும்போது கார்ல அடிபட்டுட்டாரும்மா. நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."

அவள் எழுந்தாள். மடியிலிருந்த மல்லாட்டை எல்லாம் கீழே கொட்டியது.

"எங்க இருக்காரு?"

"பெரியாஸ்பத்திரில."

"அடி ஜாஸ்தியா?"

நைனா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அவருக்குத் தெரியாததுபோல, எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன்.

"தூங்கறாருன்னு நைனா சொன்னாரு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நைனாவைப் பார்த்தாள். நைனா தலையை ஆட்டினார்.

அப்பாடா என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே நைனாவைத் திட்டினாள். பார்த்து ஓட்டக் கூடாதா, கண் எங்கே இருந்தது என்று கேட்டாள். தப்புதாம்மா, தப்புதாம்மா என்று நைனா சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு அவள் சைக்கிள் என்ன ஆயிற்று என்று கேட்டாள். அது அவளுடைய அண்ணனுடையதாம். முன்பே ஒருமுறை டயர் வெடித்ததற்குக் கொஞ்ச நாள் இரண்டு பேருக்கும் பேச்சே நின்றுபோயிருந்ததாம். ஸ்டேஷனில் பத்திரமாக இருக்கிறது என்றார் நைனா. அந்த ஒரு பதில் மட்டும் அவருக்குத் தடுமாறாமல் வந்தது.

ஆஸ்பத்திரிச் சோறு அவருக்கு இறங்காது என்று அவள் தூக்கில் சோற்றைப் போட்டு ரசம் ஊற்றிக்கொண்டாள். ஒரு வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டாள். எதிர்வீட்டில் ஆட்டைக் கட்டச் சொல்லிவிட்டு எங்களோடு கிளம்பினாள்.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். முதலில் தூக்கை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிறகு பயம் தெளிந்தவள்போலப் பேச ஆரம்பித்தாள். அவர் தூங்கினால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார் என்றாள். கால் உடைந்திருந்தால் ரெண்டு மூன்று மாதம் வீட்டோடு கிடப்பார், அப்போதாவது ஒரு வேளை நேரத்துக்குச் சாப்பிடுவார் என்று சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். என்ன படிக்கிறாய் என்று கேட்டாள். எனக்குத் தம்பியோ தங்கையோ பிறக்கப் போகிறது என்று சொன்னேன். தம்பிதான் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அம்மா ஊருக்குப் போனதிலிருந்து என்னிடம் அவ்வளவு நேரம் யாரும் பேசவில்லை. அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். எனக்கு அந்தப் பயணம் பிடித்திருந்தது.

நைனா முன்படியோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார். எங்களுக்கு முன் சீட்டு காலியாகத்தான் இருந்தது. கண்டக்டர் உட்காரச் சொன்னார். நானும் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. மலை தெரிய ஆரம்பித்ததும் அந்தப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் அவள் வலப்பக்கம் திரும்பினாள். ஆம்பளை வார்டு அங்கேதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. போன வருஷம் அவள் அப்பா அங்கே கிடந்தாராம். நைனா நேராகச் சவக்கிடங்கு இருந்த பின்கட்டுக்கு நடந்தார். "இந்தப் பக்கம்ங்க" என்று அவள் கூப்பிட்டாள். நைனா நின்றார். ஆனால் திரும்பி வரவில்லை. அவருக்கும் அவளுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் முகம் மெதுவாக மாறுவதைப் பார்த்தேன்.

"பஸ்ஸுல வரும்போதே தெரியுமா?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை.

"தெரியும்மா."

"வாசல்ல வந்து நின்னப்பவே?"

நைனா தலையைக் குனிந்துகொண்டார். அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கடந்து போனாள். அவருடைய நிழல்கூடத் தன்மேல் படாமல் ஒதுங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அலறல் கேட்டது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அம்மா தம்பியோடு திரும்பி வந்தபோது நைனா வேறு ஆளாக இருந்தார். குழந்தையைக் கையில் வாங்கவில்லை. கை சுத்தமாக இல்லை என்றார். கார் ஸ்டேஷனிலிருந்து வந்துவிட்டது. முதலாளி பழையபடி ஓட்டச் சொன்னார். நைனா சாவியைத் தொடவில்லை. ஜவுளிக்கடையிலேயே மூட்டை பிரிக்கும் வேலைக்குப் போனார். எங்கள் காரை இப்போது வேறு ஒருவர் ஓட்டினார். பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அன்று என்னுடைய பெரிய துக்கம்.

கருமாதிக்கு நைனா அந்த ஊருக்குப் போனார். யாரிடமும் சொல்லாமல் போய், கிழிந்த சட்டையோடு வந்தார். அந்தப் பெண்ணின் அண்ணன் அடித்திருந்தான். அம்மா காயத்தைத் துடைத்துக்கொண்டே அழுதாள்.

"எதுக்கு அங்க போறீங்க? ஒரு டிரைவர் என்ன செய்யணுமோ அவ்ளோவும் செஞ்சீங்க. நிறுத்துனீங்க. தூக்கிட்டு ஓடுனீங்க. ஸ்டேஷன்ல போய் நின்னீங்க. இன்னும் என்னாதான் பாக்கி?"

"வீட்ல சொல்லலையே" என்றார் நைனா.

அதற்குப் பிறகு அவர் பேச்சு கம்மியாகிவிட்டது. ஒரு நாள் கடைக்குப் போனவர் திரும்பவில்லை. அய்யங்குளத்துப் படியில், தண்ணீர் தொடுகிற கடைசிப் படியில் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தவரைத் தெரிந்தவர் ஒருவர் கைப்பிடியாக அழைத்துவந்து விட்டுப் போனார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. நைனாவுக்குக் குளம் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து அவர் எங்கே கிளம்பினாலும் அம்மா என்னையும் உடன் அனுப்பினாள். "நைனா கைய உட்றாத" என்பாள். நான் பெரிய பெண்ணாகிவிட்டேன், அதனால் கடைத்தெருவுக்கெல்லாம் போகலாம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

கேஸ் இழுத்துக்கொண்டே போய், ஒரு கோடை விடுமுறையில் சாட்சி விசாரணைக்கு வந்தது. கோர்ட்டுக்கும் நான்தான் கூடப் போனேன். ஜன்னல் வழியாக உள்ளே பார்க்க முடிந்தது. வயலில் தண்ணீர் கட்டிய அந்த மனிதர், சைக்கிள் சட்டென்று மேலே ஏறியதையும் ஹாரன் சத்தம் கேட்டதையும் சொன்னார். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். மெலிந்திருந்தாள். அவள் என்ன சொல்வாளோ என்று நைனாவுக்காக வந்த வக்கீல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

விபத்து நடந்த அன்றைக்கே இவர் தானாக உங்கள் வீடு தேடி வந்து சேதி சொன்னாரா என்று வக்கீல் கேட்டார்.

கூண்டில் நின்ற நைனாவைப் பார்த்தாள். நைனா கையெடுத்துக் கும்பிட்டு, இல்லை என்று சொல்லப் போகிறவர்போலத் தலையை அசைத்தார்.

"சொன்னாரு" என்றாள் அவள்.

நைனா ஏதோ பேச வாயெடுத்தார். வக்கீல் கையைக் காட்டி அடக்கினார். மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். தீர்ப்பு பிறகுதான் வந்தது. விடுதலை. விபத்துக்குப் பிறகு ஓட்டுநர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி அதில் இரண்டு வரி நல்லவிதமாகவே இருந்ததாம். வக்கீல் படித்துக்காட்டியபோது நைனா எழுந்து வெளியே போய்விட்டாராம்.

சாட்சி சொன்ன அன்று வெளியே வந்ததும் அந்தப் பெண் கேட்டுக்கு அருகில் தனியாக நடந்துகொண்டிருந்தாள். நைனா என் கையை உதறிவிட்டு அவளிடம் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"எதுக்கும்மா அப்டி சொன்னீங்க? நான் சொல்லலையே" என்றார்.

அவள் நைனாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"இதுக்காக பஸ்ஸு புடிச்சி புடிச்சி என்னால வர முடியல. முடிஞ்சி தொலையட்டும்."

என்னை அவளுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் சொன்ன மாதிரியே தம்பிதான் பிறந்திருக்கிறான் என்று சொல்வதற்காகச் சிரித்துக்கொண்டே நின்றேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள். நமக்காக இவ்வளவு நல்லவிதமாகப் பேசியவள் நம்மிடம் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

வக்கீலின் குமாஸ்தாவைக் கேட்டேன். இந்தச் சாட்சி ஒன்றே போதும், ஜெயித்த மாதிரிதான் பாப்பா என்றார் அவர். எனக்கு அது போதுமானதாக இருந்தது. நைனா மெதுவாக நடந்தார். நடக்க நடக்க இன்னும் மெதுவானார். எனக்குப் பொறுமை இல்லை. எங்கள் தெரு தூரத்தில் தெரிந்ததும் அவர் கையை விட்டுவிட்டு ஓடினேன். வழியில் கண்டவர்களிடமெல்லாம் ஜெயிச்சிட்டோம், ஜெயிச்சிட்டோம் என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். பக்கத்து வீட்டு அக்கா வெளியே வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவளிடமும் சொன்னேன். அவள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. என் தலைக்கு மேலே தெருமுனையைப் பார்த்தாள். "நைனா எங்கடி?" என்று கேட்டாள். வருகிறார் என்றேன். அவள் தம்பியை என் கையில் திணித்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் குளத்துப் பக்கம் ஓடினாள்.

நைனா கொஞ்ச நேரத்தில் அம்மாவோடு வந்து சேர்ந்தார். ஆனால் ஜெயித்த அன்றைக்கு அம்மா ஏன் அப்படி ஓடினாள், வந்ததும் ஏன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள் என்று எனக்கு விளங்கவில்லை. நல்ல சேதியை முதலில் அம்மாவிடம் சொல்லாமல் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்ததால் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.